அண்டை நாட்டோடு மின் இணைப்பு: கோபுரம் நடும் முன் முடிக்க வேண்டியவை

முதல் வேலை, இரு நாடுகளின் மின்தேவையையும் உற்பத்தியையும் மணிவாரியாக, ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் அருகருகே வைத்துப் பார்ப்பது. ஆண்டு மொத்தம் ஏமாற்றிவிடும். மழைக்காலத்தில் மின்சாரம் விற்கும் நேபாளம், குளிர்காலத்தில் ஆறுகள் மெலிந்ததும் இந்தியாவிடம் வாங்குகிறது. எனவே ஒப்பந்தத்தை இரு திசைக்கும் எழுதுங்கள். இல்லையேல் பாதி ஆண்டு கம்பி சும்மா தொங்கும்.

அடுத்தது, இணைப்பு மாறுதிசை மின்சாரத்திலா (ஏசி), நேர்திசை மின்சாரத்திலா (டிசி) என்பது. ஏசியில் இணைத்தால் இரு மின்கட்டமைப்புகளும் ஒரே அதிர்வெண்ணில் ஓடும். ஒரு பக்கக் கோளாறு மறுபக்கத்தையும் உலுக்கும். அதிர்வெண் கட்டுப்பாடு இரு பக்கமும் ஒரே தரத்தில் இல்லையென்றால், செலவு கூடினாலும் பேக்-டு-பேக் ஹெச்விடிசி நிலையமே சரி; அது ஒரே இடத்தில் ஏசியை உயர் அழுத்த டிசியாக்கி, மீண்டும் ஏசியாக்கி மறுபக்கம் அனுப்பும். இந்தியாவிடம் மின்சாரம் வாங்க வங்கதேசத்தின் பேராமாராவில் 2013-ல் 500 மெகாவாட்டுக்கு அமைத்தது அதைத்தான்.

ஆனால் டிசி போட்டாலும் இணைப்பு திடீரென அறுந்தால் இழப்பு இழப்புதான். 2014 நவம்பர் 1 அன்று அந்த நிலையம் ட்ரிப் ஆனதில் (தானாகத் துண்டித்துக்கொண்டதில்) தொடங்கி, வங்கதேசம் முழுக்க இருண்டது. ஆகவே இறக்குமதி வரம்பை உச்சத் தேவையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆண்டின் மிகக் குறைந்த இரவுத் தேவையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் தேவை 3,000 மெகாவாட், இறக்குமதி 450 என்றால், 15 விழுக்காடு ஒரே நொடியில் போகும். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியும். சுழலும் கையிருப்பும் (ஓடும் இயந்திரங்களில் மிச்சம் வைத்திருக்கும் திறன்), ஃபீடர்களை, அதாவது ஊர்களுக்குச் செல்லும் மின்பாதைகளை, தானாகத் துண்டிக்கும் ரிலேக்களும் அந்தப் பள்ளத்தை உடனே நிரப்பாவிட்டால், மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாக விலகும். இன்வெர்ட்டர் என்ற மின்னணுக் கருவி வழி வரும் சூரிய, காற்று மின்சாரத்தின் பங்கு கூடக் கூட, அதிர்வெண் சட்டென்று விழாமல் தாங்கும் சுழலும் எடை (பெரிய ஜெனரேட்டர்களின் சுழலிகள்) குறைந்து சரிவு வேகமெடுக்கும். அதனால் வரம்பு ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. மணிக்கு மணி மாற வேண்டும்.

மீட்டர் இரு முனையிலும் 0.2எஸ் என்ற உயர் துல்லிய வகுப்பில், முதன்மை ஒன்று, சரிபார்க்க ஒன்று. எந்தத் துணைமின்நிலையத்தின் அளவு பில்லுக்குச் செல்லும், அதுவரையிலான கம்பி இழப்பு யார் கணக்கு என்பதைப் பெயர் குறித்து எழுதுங்கள். கடிகாரத்தையும் மறக்க வேண்டாம்: இந்திய நேரத்தைவிட நேபாளம் 15 நிமிடமும் வங்கதேசம் 30 நிமிடமும் முன்னே ஓடுகின்றன. 15 நிமிடக் கட்டங்களாக அட்டவணை போட்டால் மூன்றும் பொருந்தும். ஒரு மணி நேரக் கட்டமாகப் போட்டால் மாதக் கடைசியில் வாக்குவாதம்தான்.

மின்னேற்றியதும் முழுச் சுமை வேண்டாம். சிறு அளவில் ஓட்டி, வேண்டுமென்றே ட்ரிப் செய்து, அதிர்வெண் எவ்வளவு இறங்கியது, எத்தனை நொடியில் மீண்டது என்று இரு நாட்டு மின்சுமைக் கட்டுப்பாட்டு மையங்களும் பதிவு செய்யட்டும். இரண்டு பதிவும் ஒத்துப்போன பிறகே அடுத்த படி.