குளிரில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

சோப்பூருக்கு ஆப்பிள் ஏற்றப் போன நம்மூர்ப் பையன் ஒருவன் விடியற்காலையில் காசிகுண்டிலிருந்து போன் போட்டான். "அண்ணே, செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி பிடிக்கமாட்டேங்குது." என் முதல் காஷ்மீர் டிரிப்பில் நானும் இதே புலம்பல்தான். பேட்டரி டெர்மினல் இறுக்கமா என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைப் பார்க்கத் தெரியாதவர் அவ்வளவு தூரம் போயிருக்கமாட்டார்.

விடாமல் செல்ஃப் அடிப்பது

பத்து நொடிதான். அப்புறம் இரண்டு நிமிடம் விடுங்கள்.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது

இதைக் கேட்டாலே இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கிளீனராக இருந்தபோது டிரைவர் அண்ணன் பத்து லிட்டர் ஊற்றுவார், வண்டியும் ஓடும். பழைய டீசல் பம்புக்கு இன்ஜின் ஆயில் தனியாகப் போகும், தாங்கியது. இப்போதைய காமன் ரெயில் வண்டிகள் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வண்டிகள்) பலவற்றில் பம்புக்கு டீசல்தான் ஆயில். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கிற பம்பில் வழுவழுப்பில்லாத மண்ணெண்ணெய் போனால் இரும்போடு இரும்பு உரசும்.

தெரிந்தும் பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியில் ஊற்றினேன். உடனே ஸ்டார்ட் ஆனது, பெருமை வேறு. மூன்றாம் நாள் நாக்பூர் தாண்டி இழுவை செத்தது. மெக்கானிக் பம்பைக் கழற்றி டீசலை உள்ளங்கையில் விட்டுக் காட்டினார்; எவர்சில்வர் பொடி மாதிரி மின்னியது. பம்பு, ஆறு இன்ஜெக்டர் எல்லாம் மாற்றி, அந்த டிரிப் வாடகையும் போய், மேற்கொண்டு கடன்.

சரி, என்னதான் செய்வது? டீசல் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். மார்கழித் தேங்காய் எண்ணெய் போல வெள்ளையாகக் கட்டியிருந்தால் டீசலில் உள்ள மெழுகு உறைந்திருக்கிறது. குளிர்காலத்தில் வரும் சாதாரண டீசலுக்கே உறைநிலை 3 டிகிரி வரை இருக்க விதியில் இடமுண்டு. ஸ்ரீநகர்ப் பக்கம் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். புது பில்டர் மாட்டி, வெந்நீரில் நனைத்த துணியை அதிலும் டீசல் பைப்பிலும் சுற்றிச் சூடேற்றுங்கள். டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்பை, கையில் கெட்டியாகும்வரை அடித்து, பைப்பில் சிக்கிய ஏர் எடுத்தபிறகுதான் செல்ஃப். லடாக் போகிறவர்கள் அங்கே கிடைக்கும் தனி ரகக் குளிர்கால டீசலையே பிடிக்கலாம். இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும்.

டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது

பக்கத்து வண்டிக்காரர் மூட்டினாலும் நீங்கள் மூட்டாதீர்கள். முதலில் உங்கள் வண்டியை அங்கிருந்து நகர்த்தப் பாருங்கள்.

ஈதர் ஸ்பிரே

சட்டென்று தீப்பிடிக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே இது. இன்ஜினுக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள வண்டியில் அடித்தால், காற்று போகும் இன்டேக்கிலேயே வெடிக்கும்.