எந்தக் கை தாழ்கிறது? பக்கவாதத்தை வீட்டில் கவனிக்கும் முறை

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதான இருவர் மட்டும் பெரிய வளவு வீட்டில் வாழ்வது செட்டிநாட்டில் இன்று சாதாரணம். வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் ஒருவர் விழுந்தால் முகப்பில் இருப்பவருக்குக் கேட்பதுகூட இல்லை. கை கால் விழுந்துவிட்டது என்று தெரிந்தவுடன் 108-ஐ அழைத்து, அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கீழே சொல்பவை வண்டி வரும்வரை கவனிப்பதற்கே. இவற்றுக்காக ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இரு கைகளையும் உள்ளங்கை மேல்நோக்க நீட்டி, கண்களை மூடி, 10 விநாடி இருக்கச் சொல்லுங்கள். வலுவிழந்த கை மெல்லத் தாழும், உள்ளங்கை உட்புறமாகத் திரும்பும். பெருமூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் எதிர்ப்பக்கத்துக்குக் கடப்பதால், வலக்கை தாழ்ந்தால் பாதிப்பு பெரும்பாலும் இடப்பக்க மூளையில் இருக்கும். பேச்சு மையம் பெரும்பாலோருக்கு அங்கேயே இருப்பதால் சொற்கள் தடுமாறுகின்றனவா என்றும் பாருங்கள்.

வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் சிலர் இடப்பக்கம் என ஒன்று இருப்பதையே கவனிக்க மாட்டார்கள். நுனி இடக்கைப் பக்கம் வரும்படி போட்ட இலையில், அந்தப் பக்கத்து உப்பும் ஊறுகாயும் தொடப்படாமலேயே இருக்கும். “எனக்கு ஒன்றுமில்லை” என்று ஆயா (பாட்டி) சொன்னால் அது பிடிவாதமன்று, நோயின் குறியாகவே இருக்கலாம். வீட்டார் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

முகமும் கையும் மிகுதியாகவும் கால் குறைவாகவும் வலுவிழந்தால் நடுப் பெருமூளைத் தமனியையும், காலே மிகுதியாக வலுவிழந்தால் முன் பெருமூளைத் தமனியையும் மருத்துவர் முதலில் ஐயுறுவார். மூன்றும் ஒரே அளவில் விழுந்தால், மூளையின் ஆழத்தில் நரம்பிழைகள் ஒரே கட்டாக நெருங்கிச் செல்லும் இடத்தில் சிறிய பாதிப்பு இருக்கலாம். முகம் ஒரு பக்கமும் கை கால் மறுபக்கமும் விழுவது மூளைத்தண்டைச் சுட்டும். வலு குறையாமல் நடை மட்டும் தள்ளாடினால் சிறுமூளை நினைவுக்கு வர வேண்டும், அதுவும் அவசரமே.

விழுங்குவது தடைப்பட்டிருக்கக்கூடும் என்பதால் தண்ணீரோ காபியோ கொடுக்காதீர்கள். புறா ரத்தம் தடவும் வழக்கத்தில் போவது நேரம் மட்டுமே. அடைப்பா ரத்தக் கசிவா என்பதை சி.டி. ஸ்கேன்தான் காட்டும், அதற்கு முன் ஆஸ்பிரின் வேண்டாம்.