பழைய காமிக்ஸ் புத்தகத்தைத் தபாலில் அனுப்பப் பொதி கட்டுவது எப்படி?

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. சைக்கிள் செயினும் கேற் பூட்டும் துருப்பிடிக்கிற அதே வேகத்தில் பழைய காமிக்ஸ் புத்தகத்தின் நடுவில் அடித்திருக்கும் கம்பிப் பின்னும் துருப்பிடிக்கும். அதனால் நான் சொல்லப்போகும் முறை, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் சொல்லும் முறையிலிருந்து ஒரு இடத்தில் மாறும். அவர்களுக்குப் புத்தகம் வளையாமல் போய்ச் சேர்வதுதான் முதல் பாடம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்து அனுப்புகிறவருக்கு அது இரண்டாவது பாடம். முதலாவது ஈரம்.

நான் அதிகம் அனுப்புவது 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய இதழ்கள். சிவகாசியில் அச்சாகி, கடல் தாண்டி இங்கே வந்தவை. பல இதழ்கள் கையடக்க அளவு, மெல்லிய அட்டை, உள்ளே நியூஸ்பிரின்ட் தாள். எங்கள் பக்கத்தில் இவை மிஞ்சியிருப்பதே பெரிய விசயம். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போன வீடுகள் எத்தனை, 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன வீடுகள் எத்தனை! இடையில் இடப்பெயர்வுகள். உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது யாரும் படக்கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அதையெல்லாம் தாண்டி வந்த ஒரு புத்தகம் நம் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற நான்கு நாளில் கெட்டுப்போனால், அதற்கு நாம்தான் பொறுப்பு.

நான் முதன்முதலில் அனுப்பிய புத்தகம் அப்படித்தான் கெட்டது. ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றி, பிரவுண் கடதாசி உறைக்குள் வைத்து வவுனியாவுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது வலது கீழ்மூலை மடிந்திருந்தது. அதைவிட மோசம், பையை ஒட்டிய ரேப் (ஒட்டுநாடா) திறக்கும்போது அட்டையில் ஒட்டி, கதாநாயகனின் தோள்பட்டை நிறத்தை விரல் அகலத்துக்கு உரித்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த நண்பர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. படம் மட்டும் அனுப்பினார். அன்றைக்கு விளங்கிய விசயங்களைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள்

ஈரமான புத்தகத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் மூடினால் ஈரமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது பூஞ்சணம் பூத்திருக்கும். எனவே முதலில் புத்தகத்தைக் காயவிட வேண்டும். ஆனால் வெயிலில் வைக்கவே கூடாது. நியூஸ்பிரின்ட் தாள் மரக்கூழில் செய்தது. மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கியிருக்கும். வெயில் பட்டால் அதுதான் தாளை மஞ்சளாக்கி, பிறகு அப்பளம் போல ஒடிய வைக்கும்.

நான் செய்வது இது. சுத்தமான இரண்டு ஏ4 தாள்களுக்கு நடுவில் புத்தகத்தை வைத்து, மேலே ஒரு கனமான அகராதியை வைத்து, வீட்டில் காற்றோட்டமான அறையில் இரண்டு நாள் விடுவேன். தாளை இடையில் ஒரு முறை மாற்றுவேன். இரண்டாம் நாள் பக்கங்களைக் கட்டைவிரலால் மெல்லப் புரட்டிப் பாருங்கள். ஈரமிருந்தால் தாள்கள் சத்தமில்லாமல் துவண்டு விழும். காய்ந்திருந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இதெல்லாம் கடினம். விடாமல் மழை. ஒருநாள் மழைக்குள் அவசரப்பட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மழ விடட்டும் மனே, மறுகா கட்டலாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. வாங்குகிறவர் பொறுப்பார் என்றால் தை கழியட்டும். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்கள் இந்த வேலைக்கு மிக நல்லவை.

காயும் நேரத்தில் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி. நடுப்பக்கத்தையும் முதுகையும் விரித்துப் பாருங்கள். பூச்சி இருக்கும் புத்தகத்தை அனுப்பினால் வாங்குகிறவருடைய அலுமாரி முழுவதுக்கும் அனுப்பியதாகிவிடும். மற்றது, கம்பிப் பின். துருப்பிடித்திருந்தால் சுரண்டவும் கழற்றவும் வேண்டாம். அந்த இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து வாங்குகிறவருக்குக் காட்டிவிடுங்கள். முன்னட்டை, பின்னட்டை, முதுகு, நான்கு மூலைகள் எல்லாவற்றையும் இப்போதே படமெடுத்து வையுங்கள். பிறகு ஒரு பிணக்கு வந்தால் அது உதவும்.

2. தேவையான சாமான்

தெளிவான பொலிப்ரொப்பிலீன் பை. புதிய சேட்டுகளைப் போட்டு விற்பார்களே, கசக்கினால் சரசரக்கும், கண்ணாடி மாதிரித் தெரியும் பை, அதுதான். மேசை விரிப்புப் போல மெத்தென்று வளைந்து, பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும் பை பீ.வி.சி. அது வேண்டவே வேண்டாம். அதை மென்மையாக்கக் கலக்கும் பொருள் நாளடைவில் கசிந்து, அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும்.

புத்தகத்தின் பின்னால் வைக்க ஒரு வெள்ளை மட்டை. அமிலமற்ற மட்டை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கடையில் வாங்கும் மட்டைக்கும் புத்தகத்துக்கும் இடையில் ஒரு போட்டோகொப்பித் தாளை வையுங்கள். இப்போது வரும் அந்தத் தாள் பெரும்பாலும் அமிலமற்றது.

காட்போட் பெட்டி. சவர்க்காரப் பெட்டியின் வாசனை புத்தகத்தில் ஏறும். பிஸ்கட் பெட்டிக்கு எறும்பு வரும். போட்டோகொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடையில் கேட்டால் ஏ4 தாள் வந்த பெட்டியைத் தருவார்கள். இறுக்கமான அட்டை, வாசனை இல்லை.

இவற்றோடு மாஸ்கிங் ரேப், இரண்டு அங்குல அகலப் பிரவுண் ரேப், ஒரு பொலித்தீன் உறை, கத்தி, அடிமட்டம். ஸ்டெப்ளரை மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

3. பைக்குள் போடுதல்

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மட்டையைப் புத்தகத்தைவிட எல்லாப் பக்கமும் சில மில்லிமீற்றர் பெரிதாக வெட்டுங்கள். புத்தகத்தை மட்டையின் மேல் வைத்து, இரண்டையும் ஒன்றாகப் பிடித்தபடி பைக்குள் இறக்குங்கள். தனிப் புத்தகத்தைத் தள்ளினால் மூலை பையின் அடியில் குத்தி மடியும்.

சேட் பையின் வாயில் ஒட்டும் பசை இருக்கும். என் முதல் புத்தகத்தைக் கெடுத்தது ரேப். அதே வேலையை இந்தப் பசையும் செய்யும். வெளியே எடுக்கும்போது அட்டையின் மேல்விளிம்பு அதில் பட்டால் முடிந்தது கதை. நான் பசை இருக்கும் பட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிடுவேன். மிச்ச வாயைப் பின்பக்கம், அதாவது மட்டை இருக்கும் பக்கம், மடித்து ஒரு சிறு மாஸ்கிங் ரேப் துண்டால் ஒட்டுவேன். ஒட்டும்போது ரேப்பின் நுனியை அரை அங்குலம் உள்ளே மடித்து விடுங்கள். திறக்கிறவர் அந்த மடிப்பைப் பிடித்து இழுத்தால் போதும். நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் இந்தப் பைக்குள் போடாதீர்கள். பொதியின் அழுத்தத்தில் அதன் உருண்டைகள் அட்டையில் பள்ளம் பதிக்கும். அதற்கு இடம் பிறகு வருகிறது.

4. இரண்டு அட்டைக்கு நடுவில்

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். காட்போட் அட்டையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவில் அலை அலையாக ஒரு நெளி ஓடும். அந்த நெளி ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் அட்டை சுலபமாக மடங்கும். குறுக்கே மடிக்கப் பாருங்கள், எதிர்த்து நிற்கும். இதை ஒரு துண்டில் உங்கள் கையாலேயே செய்து பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

இரண்டு அட்டைத் துண்டுகள் வேண்டும். ஒன்றில் நெளி மேலிருந்து கீழாக ஓடட்டும். மற்றதில் இடமிருந்து வலமாக ஓடட்டும். இரண்டையும் சேர்த்தால் எந்தப் பக்கம் வளைத்தாலும் ஏதோ ஒரு அட்டை தடுக்கும். ஒரே திசையில் ஓடும் மூன்று அட்டை வைத்தாலும் இந்த உறுதி வராது.

அளவு, புத்தகத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 2 சென்றிமீற்றர் கூட. கையடக்கப் புத்தகம் 13 சென்றிமீற்றர் அகலம் என்றால் அட்டை 17. அந்த 2 சென்றிமீற்றர்தான் மூலையைக் காப்பாற்றும். பொதி நிலத்தில் குத்தி விழும்போது முதலில் நசுங்குவது வெறும் அட்டையாக இருக்கும்.

ஆனால் புத்தகம் நடுவில் நிற்காமல் நழுவினால் அந்த இடைவெளியால் பயனில்லை. எனவே பையை அட்டையின் நடுவில் வைத்து, நான்கு மூலைகளிலும் குறுக்காக மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். ரேப் பையிலும் அட்டையிலும் மட்டும்தான் படுகிறது, புத்தகத்தில் இல்லை. பிறகு மற்ற அட்டையை மேலே மூடி நான்கு பக்கமும் பிரவுண் ரேப்பால் ஒட்டுங்கள். இறுக்கி இழுத்து ஒட்ட வேண்டாம். இழுத்தால் அட்டை கிண்ணம் போல வளைந்து, புத்தகத்தின் முதுகை அழுத்தும்.

இப்போது அதைக் காதருகில் வைத்துக் குலுக்குங்கள். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி ஒட்டுங்கள். இங்கே சோம்பல்படாதீர்கள்.

5. தண்ணீர் புகாத உறையும் வெளிப் பெட்டியும்

அட்டைக் கட்டினை ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டு, சிலிக்கா ஜெல்லை அட்டைக்கு வெளியே, பொலித்தீனுக்கு உள்ளே வைத்து மூடுங்கள். மழையில் நனைந்த தபால் பைக்குள் மணிக்கணக்காகக் கிடந்தாலும் தண்ணீர் உள்ளே போகாது.

ஒன்றிரண்டு புத்தகம் என்றால் இதன் மேல் தடித்த பிரவுண் கடதாசி சுற்றினால் போதும். நான்கைந்துக்கு மேல் என்றால் பெட்டி. பல புத்தகங்களை அடுக்கும்போது ஒன்றின் முதுகு இடப்பக்கம், அடுத்ததன் முதுகு வலப்பக்கம் என்று மாற்றி வையுங்கள். முதுகுப் பக்கம் தடிப்பானது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் அடுக்கினால் கட்டு சரிந்து, மேலுள்ளவை வளையும். பெட்டியின் வெற்றிடத்தைக் கசக்கிய தாளால் நிரப்புங்கள். ரெஜிபோம் உடைத்துப் போட்டால் அந்த உருண்டைகள் எல்லா இடமும் ஒட்டும், பிரிக்கிறவருக்குத் தலையிடி.

6. முகவரியும் தபால் கந்தோரும்

முகவரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், அஞ்சல் குறியீட்டோடு எழுதுங்கள். மட்டக்களப்பு 30000, கல்முனை 32300. மை கரையாமலிருக்க எழுத்தின் மேல் தெளிவான ரேப் ஒட்டுங்கள். இதே முகவரியை ஒரு துண்டில் எழுதிப் பொதிக்குள்ளும் வையுங்கள். வெளியே உள்ளது கிழிந்தாலும் போகும் இடம் தெரியும். 'வளைக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதுவதை நான் நம்புவதில்லை. வளைக்க முடியாதபடி கட்டுவதையே நம்புகிறேன்.

பதிவுத் தபாலிலேயே அனுப்புங்கள். கூடக் கொடுக்கும் காசுக்கு ஒரு பற்றுச்சீட்டும் இலக்கமும் கிடைக்கும். வெளிநாட்டுக்கு என்றால் சிறு பொதிக்கு 2 கிலோ எல்லை. அட்டை, பெட்டி எல்லாம் சேர்ந்த நிறை அது, வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். சி.என். 22 என்ற சுங்கச் சீட்டில் உள்ளே என்ன, எத்தனை, என்ன பெறுமதி என்று உண்மையாக எழுதுங்கள். 'பழைய அச்சுப் புத்தகம்' என்பது போதும். வெளிப்பெட்டியின் ஒரு பக்கத்தை ஒட்டாமல், ரேப்பைக் கையில் கொண்டு போவது என் வழக்கம். "இதுக்குள்ள என்ன தம்பி?" என்று கேட்டால் உடனே காட்டலாம். பிறகு அங்கேயே ஒட்டலாம்.

வெளிநாட்டுப் பதிவுத் தபாலுக்குத் தரும் இலக்கம் 13 எழுத்து கொண்டது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இலங்கையைக் குறிக்கும் எல்.கே. பற்றுச்சீட்டைப் படமெடுத்து அன்றைக்கே வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்.

7. உள்ளே வைக்கும் சீட்டு

நம் வேலை கந்தோரோடு முடியவில்லை. நல்லாய்க் கட்டிய புத்தகத்தைப் பிரிக்கும்போது கத்தியால் கீறியவர்கள் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் ஒருவருக்குத் தை மாதம் போய்ச் சேர்ந்தால் வேறொரு ஆபத்தும் உண்டு. வெளிக் குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் வந்த பொதியை உடனே திறந்தால், குளிர்ந்த அட்டையில் காற்றின் ஈரம் வியர்வை போலப் படியும். அதனால் ஒவ்வொரு பொதியிலும் அட்டைக் கட்டின் மேல், பொலித்தீன் வழியே வாசிக்கத் தெரியும்படி, இந்தச் சீட்டை ஒட்டுகிறேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்:

"குளிர் காலமென்றால் இந்தப் பொலித்தீனைத் திறக்காமல் ஓரிரவு வீட்டுக்குள் வையுங்கள். கத்தியை விளிம்பில் மட்டும் போடுங்கள், புத்தகம் நடுவில் இருக்கிறது. பையின் பின்பக்கம் மடித்த ரேப் நுனி ஒன்று உண்டு, அதைப் பிடித்து இழுங்கள். எடுக்கும்போது மட்டையோடு சேர்த்து எடுங்கள்."