குழந்தைகளோடு க்ரூஸ்: கரைச் சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

க்ரூஸ் பதிவு செய்து பணமும் கட்டியாயிற்று என்றால், அடுத்து வந்து நிற்பது ஷோர் எக்ஸ்கர்ஷன் பட்டியல். கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கி என்னென்ன பார்க்கலாம் என்று கப்பல் நிறுவனமே டூர்களை வரிசையாகப் போட்டிருக்கும். எல்லாப் படங்களிலும் நல்ல வெயில், எல்லா முகங்களிலும் சிரிப்பு. பெரியவர்கள் மட்டும் போவதானால் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். மூன்று வயதும் ஐந்து வயதுமாகப் பிள்ளைகள் கூட இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. போகிற இடம் எவ்வளவு அழகு என்பதைவிட, அங்கே போய்ச் சேர எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும், எங்கெங்கே காத்து நிற்க வேண்டும் என்பதை வைத்துத்தான் அன்றைய நாள் நல்லபடியாக முடியுமா என்று சொல்ல முடியும்.

ஊர்ப் பெயரை நம்பிப் பதிவு செய்வது

பயண அட்டவணையில் ‘ரோம்’ என்று இருக்கும். கப்பல் நிற்பதோ சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கும் மேல். ‘ஃப்ளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ, சுமார் 90 கிலோமீட்டர். ‘பாரிஸ்’ என்றால் லே ஹாவ்ர், ஏறக்குறைய 200. ‘பாங்காக்’ என்றால் லேம் சபாங், 100 கிலோமீட்டருக்கு அப்பால். ‘பெர்லின்’ என்றால் பால்டிக் கரையிலுள்ள வார்னமுண்டே. ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் போய்விடும். கப்பல் நிறுவனம் எதையும் மறைப்பதில்லை. துறைமுகத்தின் பெயரையும் பக்கத்திலேயே போட்டுத்தான் இருப்பார்கள். நாம்தான் பெரிய எழுத்தை மட்டும் படிக்கிறோம்.

பெர்லின் டூர் என்றால் ஆறு மணி நேரம் வண்டிக்குள். நான்கு வயதுப் பிள்ளைக்கு நினைவில் நிற்கப்போவது பெர்லின் அல்ல, முன் சீட்டின் முதுகுதான். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போவதா’ என்ற ஆதங்கம் நியாயமானதே. ஆனால் அது பெரியவர்களின் ஆதங்கம். குழந்தைக்கு அந்த ஊரின் பெயரே தெரியாது.

துறைமுகத்துக்கு அருகில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தைத் திறந்து பார்த்தால் பல ஊர்களில் ஆச்சரியமாக இருக்கும். லிவோர்னோவில் இறங்குகிறவர்களுக்கு ஃப்ளோரன்ஸைவிட பைசா மிகவும் பக்கம். சாய்ந்த கோபுரத்தைச் சுற்றியுள்ள புல்வெளியே சிறுவர்களுக்குப் பாதிக் கொண்டாட்டம். (கோபுரத்தின் மேலே ஏற எட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் கூட்டிப்போய்விட்டுக் கீழே நின்று சமாதானம் செய்யாதீர்கள்.) ஜெனோவாவின் பழைய துறைமுகப் பகுதியில் 1992-இல் திறக்கப்பட்ட பெரிய மீன் காட்சியகத்துக்குக் கப்பலிலிருந்து நடந்தே போய்விடலாம். நார்வேயின் பெர்கனில் ஃப்ளோய்பானன் என்ற மலை ரயில் 1918 முதல் ஓடுகிறது. சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது, மேலே விளையாட்டுத் திடலும் இருக்கிறது. மால்டாவின் வலெட்டாவில் கப்பல் நிற்கும் கரையருகிலிருந்து 58 மீட்டர் உயர லிஃப்ட் நேராகப் பூங்காவில் கொண்டுபோய் விடும். நண்பகலில் அங்கே பீரங்கி வெடிப்பார்கள். சத்தத்துக்குப் பயப்படும் குழந்தை என்றால் வேறு நேரத்தில் போவது நல்லது.

இத்தாலியின் நேப்பிள்ஸில் எல்லோரும், கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த பழைய ஊரான பாம்பேய்க்குத்தான் கிளம்புகிறார்கள். அதே எரிமலை அதே ஆண்டில் புதைத்த ஹெர்குலேனியம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பரப்பளவில் மிகச் சிறியது. பாம்பேயின் கல் பாவிய தெருக்களில் ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி) தள்ளுவது பெரும்பாடு, நிழலும் குறைவு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஹெர்குலேனியத்தைத்தான். அங்கேயும் தரை சமமில்லை, ஆனால் சுற்றி முடிக்க முடியும்.

‘நான்கு மணி நேர டூர்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்வது

அந்த நான்கு மணி நேரத்துக்குள் பஸ் பயணமும் அடக்கம். கைடு எல்லோரையும் எண்ணிப் பார்ப்பது, யாரோ ஒருவர் கழிவறைக்குப் போய் வருவது, கடைசியில் ஒரு நினைவுப் பொருள் கடையில் அரை மணி நேரம் நிறுத்துவது எல்லாமே அதற்குள்தான். டூர் தொடங்கும் முன்பே கப்பலின் அரங்கில் கூடி, சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, உங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியது தனிக் கணக்கு. டூர் விவரத்தைப் படிக்கும்போது மொத்த நேரத்திலிருந்து வண்டி நேரத்தைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் நிற்பதுதான் குழந்தை ஓடியாடும் நேரம். அது வண்டியில் போகும் நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்த டூரை விட்டுவிடலாம்.

தூங்கும் நேரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குத் தூங்கிப் பழகிய குழந்தைக்கு, பன்னிரண்டரைக்குத் தொடங்கும் டூர் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் லாபமில்லை. காலை முதல் டூரில் போய், சாப்பாட்டு வேளைக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடுவது நல்லது. திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டால் அதுவும் வசதிதான்.

எல்லாமே அலுப்பூட்டும் என்று சொல்லவரவில்லை. அலாஸ்காவின் ஸ்காக்வேயில் ஓடும் ஒயிட் பாஸ் ரயில் 1898-க்கும் 1900-க்கும் இடையில் தங்கம் தேடி வந்தவர்களின் காலத்தில் போடப்பட்ட குறுகிய பாதை ரயில். மலை உச்சிவரை போய்த் திரும்ப ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். நேரத்தை மட்டும் பார்த்தால் நீளம்தான். ஆனால் ஜன்னல் பெரியது, பெட்டியிலேயே கழிவறை உண்டு, நடக்க வேண்டியதே இல்லை, ரயில் என்பதே குழந்தைக்கு ஒரு விளையாட்டு. பயணமே விளையாட்டாக இருக்கும் டூர்களுக்கு மேலே சொன்ன கழித்தல் கணக்குப் பொருந்தாது.

டெண்டர் படகை மறந்துவிடுவது

சில ஊர்களில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள்; அதுதான் டெண்டர். கிரீஸின் சாண்டோரினித் தீவும் கரீபியனின் கிராண்ட் கேமன் தீவும் அப்படிப்பட்டவை. ஸ்ட்ரோலரை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தையை இன்னொரு கையில் தூக்கிக்கொண்டு, ஆடும் படகில் கால் வைக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் அந்தத் துறைமுகத்தையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடவும் கூடும்.

சாண்டோரினியில் பழைய துறைமுகத்தில் இறங்கினால் மேலே ஊருக்குப் போக கேபிள் கார், அல்லது ஏறக்குறைய 600 படிகள், அல்லது கழுதை. ஒரே நாளில் மூன்று நான்கு கப்பல்கள் வந்தால் கேபிள் கார் வரிசை வெயிலில் நீண்டுகொண்டே போகும். கீழே இறங்கவும் அதே வரிசைதான். இப்படிப்பட்ட ஊரில் கைக்குழந்தை இருப்பவர்கள் ஸ்ட்ரோலரை அறையிலேயே விட்டுவிட்டு, குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியரில் தூக்கிப் போவது மேல்.

வயது எழுதியிருந்தால் போதும் என்று நினைப்பது

டூர் விவரத்தில் குறைந்தபட்ச வயது இருக்கும். உயரமும் எடையும் தனியாக இருக்கும். கம்பிவடத்தில் தொங்கிச் சறுக்கும் ஜிப் லைனில் எடை குறைந்தாலும் விடமாட்டார்கள். பஹாமாஸில் ஒரு கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தீவான கோகோகேயில், சின்னப் பிள்ளைகளின் நீர் விளையாட்டுப் பகுதி இலவசம். பெரிய சறுக்குகள் உள்ள தண்ணீர்ப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம், அங்கே உயரம் அளந்துதான் அனுமதி. உயரம் எட்டாத பிள்ளைக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு நிற்காதீர்கள்.

அனுமதி உண்டு என்பதும் பொருத்தம் என்பதும் வேறு வேறு. கிராண்ட் கேமனின் ஸ்டிங்ரே சிட்டியில் திருக்கை மீன்கள் மனிதர்களை உரசிக்கொண்டு போகும். சின்னக் குழந்தைகளையும் கூட்டிப்போகலாம். ஆனால் மணல்திட்டில் தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவு. மூன்று வயதுக் குழந்தைக்கு அது தலைக்கு மேல். முழு நேரமும் யாராவது தூக்கி வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் டெண்டர், பிறகு பஸ், பிறகு மறுபடி படகு. கோஸுமெலிலிருந்து துலும் என்ற மாயன் இடிபாடுகளுக்குப் போகும் டூரும் இப்படித்தான்: கோஸுமெல் மெக்ஸிகோவின் ஒரு தீவு, முதலில் பெரும்நிலத்துக்கு ஃபெர்ரியில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் ஃபெர்ரியிலேயே பிள்ளைகள் வாந்தி எடுத்துச் சோர்ந்துவிடுவார்கள். அதே தீவில் தண்ணீர் தெளிவாக இருக்கும் கடற்கரை டாக்ஸி தூரத்தில் இருக்கிறது.

கப்பல் டூரா, சொந்த ஏற்பாடா

இதில் இரண்டு பக்கமும் பிடிவாதக்காரர்கள் உண்டு. என் கணக்கு எளிது: தூரம் அதிகமென்றால் கப்பல் டூர், பக்கத்தில் என்றால் சொந்தமாக. நிறுவனத்தின் டூர் பஸ் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களே போய்த் தாமதமானால் அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுடையது, கையில் குழந்தையோடு.

ஆனால் நாற்பது பேர் இருக்கும் பஸ்ஸில், குழந்தை அழுகிறது என்று நடுவில் திரும்ப முடியாது. தனி வேன் பேசிப் போனால் ‘போதும், கப்பலுக்கு விடுங்கள்’ என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். கப்பல் டூருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். வேனுக்கு வண்டிக்கு இவ்வளவு. தாத்தா பாட்டியும் கூட வரும் குடும்பம் என்றால் வேன் பெரும்பாலும் கட்டுப்படியாகும். குழந்தைக்கான கார் சீட் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது, டூர் பஸ்ஸிலும் அதை எதிர்பார்க்க முடியாது.

சொந்தமாகப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது கப்பல் நேரம், அதாவது கப்பலின் கடிகாரம் காட்டும் நேரம். புளோரிடாவிலிருந்து கிளம்பும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் கோஸுமெலுக்குப் போகிறது என்று வையுங்கள். கோடையில் புளோரிடா ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். கோஸுமெலில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. கரையில் இறங்கியதும் கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். அதைப் பார்த்துத் திரும்பினால் கப்பல் போயிருக்கும். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம், கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு என்பதையும் மறக்க வேண்டாம். குழந்தைகளோடு போகிறவர்கள் அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் இருப்பது போலத் திட்டமிடுங்கள்.

ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கியே தீருவது

மத்தியதரைக் கடல் பயணங்களில் பெரும்பாலும் நாளுக்கொரு துறைமுகம். தினமும் விடிகாலையில் எழுப்பி இழுத்துக்கொண்டு போனால் மூன்றாம் நாளே பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள். ஒரு துறைமுகத்தில் பேசாமல் கப்பலிலேயே இருந்துவிடுங்கள். எல்லோரும் இறங்கிப் போனபின் நீச்சல் குளம் காலியாகக் கிடக்கும், சறுக்கில் வரிசை இருக்காது.

இதில் ஒரு சிக்கல்: டயப்பர் போடும் குழந்தைகளைப் பல கப்பல்களில் நீச்சல் குளத்தில் இறங்க விடுவதில்லை, நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் சரி. அந்த வயதுக் குழந்தைக்குத் தண்ணீர் விளையாட்டு என்பது கரையில்தான். அவர்களுக்காகவாவது ஒரு நாளைக் கடற்கரைக்கென்று ஒதுக்க வேண்டும். சிறுவர் கிளப்பும் பொதுவாக மூன்று வயது நிறைந்து, டயப்பர் விட்ட பிள்ளைகளுக்குத்தான். பெரிய பிள்ளையோடு ஒருவர் இறங்குவது, சின்னதோடு மற்றவர் கப்பலில் இருப்பது என்று பிரித்துக்கொள்வதும் நல்ல வழி. ‘குடும்பமாக வந்துவிட்டுத் தனித்தனியாகவா’ என்று யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

கிளம்பும் முன்

கப்பலிலிருந்து பழம், சாண்ட்விச் எடுத்துப் போவதைப் பல நாடுகள் தடை செய்கின்றன; ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அபராதமே விழும். பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை, ஆனாலும் அந்த ஊர் விதியைக் கப்பலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்டிகன் அருங்காட்சியகம், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். கப்பல் எந்தக் கிழமையில் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். கப்பலில் தரும் தினசரி நிகழ்ச்சித் தாளில் அந்தந்தத் துறைமுகத்தில் உள்ள கப்பல் நிறுவன ஏஜென்ட்டின் தொலைபேசி எண் இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறு குழந்தைக்குக் காய்ச்சல் எந்த நாளில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. கப்பல் டூர்களைப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்புவரை பணம் இழக்காமல் ரத்து செய்யலாம். கப்பலே அந்தத் துறைமுகத்தில் நிற்காமல் போனால் பணம் திரும்பி வரும். வெளியில் பதிவு செய்தால் இரண்டுமே அந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. பணம் கட்டும் முன் அந்த ரத்து விதிகளைப் படித்துவிட்டு, ரத்து செய்யக் கடைசி நாள் எது என்று கைபேசி காலண்டரில் குறித்து வையுங்கள்.