சீனம் கற்பிக்கும் ஆசிரியர் தம்மை வளர்த்துக்கொள்வது எப்படி?

செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு மலேசியா, சிங்கப்பூர்த் தொடர்பு தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆகவே காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சீனப் பொதுமொழியான மாண்டரின் சொல்லித்தர ஒருவர் முன்வந்தால் மாணவர் வரக்கூடும். பக்கத்தில் கலந்துபேச இன்னொரு சீன ஆசிரியர் கிடைப்பதுதான் அரிது. எங்கேனும் பயிற்சி முகாம் நடக்கும் என்று காத்திராமல், தம் வகுப்பையே ஆராய்பவர்தான் விரைவாகத் தேறுவார் என்பது என் உறுதியான கருத்து.

மாணவர்களின் ஒப்புதலோடு வாரம் ஒரு வகுப்பைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அதில் பத்து நிமிடத்தை மட்டும் கேட்டு, நீங்கள் பேசிய நேரத்தையும் மாணவர் பேசிய நேரத்தையும் குறித்துக்கொண்டு, பிறகு ஒரே ஒரு பிழையைப் பின்தொடருங்கள். மூச்சொலியிலிருந்து தொடங்குவது நல்லது. சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதச் சீனா 1958இல் ஏற்றுக்கொண்ட பின்யின் முறையில் ‘ஜி’ என்னும் ஆங்கில எழுத்து குறிப்பது ‘கல்’ என்பதன் முதல் ஒலியைத்தான். ‘கே’ எழுத்து குறிப்பதோ அதே ககரத்தை மூச்சுக்காற்றோடு தள்ளிச் சொல்வதை. வாய்க்கு முன் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்தால், இரண்டாவதற்குக் காகிதம் துள்ளும், முதலாவதற்கு ஏறக்குறைய அசையாது. ‘சங்கு’ என்னும்போது மெல்லினத்தை அடுத்த ககரம் நமக்கு இயல்பாகவே அதிர்ந்து ஒலிப்பதால், சீன நாட்டின் பெயரான ‘ஜோங்குவோ’விலும் அந்த அதிர்வு புகுந்துவிடும். ‘ஜோங்’ என்று நிறுத்தி, ‘குவளை’ என்பதன் தொடக்கத்தைப் போலக் ‘குவோ’வைத் தனியே சொல்லவைத்து, பின்னர் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரப் பதிவில் இந்த ஒன்று திருந்தியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களான நான்கு தொனிகளையும் நீங்களே வாசித்துப் பதிந்து, தாய்மொழியாளர் குரலோடு ஒப்பிடுவதையும் விட்டுவிடாதீர்கள்.

இலக்கணத்தில் நமக்குக் கைகொடுப்பது தமிழே. ஆங்கில வழி நூல்களை மட்டும் நம்பும் ஆசிரியர் இதைத் தவறவிடுகிறார். ‘நேற்று வந்த ஆள்’ என்று பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்பதைப் போலவே சீனத்திலும் ‘த’ என்னும் இடைச்சொல்லோடு தொடர் முன்னால் நிற்கும். ‘வருகிறாயா’ என்பதன் ஆகாரம் செய்யும் வேலையை வாக்கிய இறுதியில் ‘மா’ செய்யும். ‘மூன்று பேர்’ என்னும் வழக்கை வைத்து, சீனத்தில் எண்ணுக்கும் பெயருக்கும் இடையே வரும் அளவைச் சொற்களை அறிமுகப்படுத்தலாம். இத்தகைய ஒப்புமைகளை ஒரு குறிப்பேட்டில் சேர்த்துவந்தால், இங்குள்ள மாணவருக்கு எந்தப் பாடநூலும் தராத துணை அது.

சக ஆசிரியர் ஊரில் இல்லையென்றால் இணையவழியில் தேடுங்கள். சீனாவும் சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே மாலை 6.30 மணிக்கு அமர்ந்தால் அங்கே இரவு 9 மணி. மாதம் ஒருமுறை பதிவுகளை மாற்றிக் கேட்டுக் கருத்துச் சொல்லிக்கொள்வது போதும்.

2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீனத் தரநிலை, மொழித்திறனை மூன்று கட்டங்களாகவும் ஒன்பது நிலைகளாகவும் பகுத்து மொத்தம் 11,092 சொற்களைப் பட்டியலிடுகிறது. முதல் நிலைக்கு மட்டும் 500 சொற்கள். உங்கள் பாடத்திட்டத்தை அதனோடு ஒப்பிட்டு, விடுபட்ட சொற்களைச் சேருங்கள். பன்னாட்டுச் சீன ஆசிரியர் சான்றிதழுக்கு எழுத்துத் தேர்வோடு நேர்முகத் தேர்வும் உண்டு. அதில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்பதால், சேர்த்துவைத்த பதிவுகளில் சிறந்ததை எடுத்து, அந்தப் பாடத்தையே சுருக்கி நடத்திப் பழகுங்கள்.