சில்கி குஞ்சு பொரிப்பது எப்படி: ஈரப்பத மீட்டரை நம்பாதீர்கள், முட்டையை எடை போடுங்கள்

சில்கி என்பது இறகுக்குப் பதில் பஞ்சுபோன்ற முடி உள்ள கோழி இனம். போன ஐப்பசியில் 14 சில்கி முட்டைகளை இன்குபேட்டரில் (குஞ்சு பொரிக்கும் மின்பெட்டியில்) வைத்தேன். 18-ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது 11 முட்டையில் குஞ்சு நன்றாக வளர்ந்திருந்தது. 21-ஆம் நாள் வெளியே வந்தவை இரண்டே இரண்டு. 24-ஆம் நாள்வரை காத்திருந்துவிட்டு மீதி ஒன்பதையும் உடைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முழுக் குஞ்சு. காலில் ஐந்து விரலையும் எண்ணலாம். எல்லாம் ஓட்டைக் கொத்த வேண்டிய நேரத்தில் இறந்திருந்தன, அலகைச் சுற்றி நீர் கோத்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் பிடிபட இரண்டு மாதம் ஆனது. மார்கழியில் அதே பெட்டியில் 12 முட்டை வைத்து 9 குஞ்சு எடுத்தேன். இடையில் மாற்றியது ஒரே ஒரு விஷயம். அதை 4-ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

நாட்டுக்கோழி வளர்த்தவர்களுக்குக் கூண்டு, தீவனம் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. சில்கிக்கு எது வேறு என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வாங்கும்போது

காலில் ஐந்து விரல் இருக்க வேண்டும். மற்ற கோழிகளுக்குப் பெரும்பாலும் நான்குதான். இறகை விலக்கினால் தோல் கறுப்பாக இருக்கும், காதுமடல் நீலமாக இருக்கும். கடக்நாத்துக்கும் தோல் கறுப்புதான், ஆனால் விரல் நான்கு, இறகு சாதாரண இறகு. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டிலேயே சீனாவில் பூனைபோல முடி உள்ள கறுப்புக் கோழிகள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது உடனே புரியும்.

அந்த முடிதான் இதன் அழகு, இதன் பலவீனமும் அதுதான். சாதாரண இறகில் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் நுண்ணிய கொக்கிகள் உண்டு. சில்கிக்கு அவை சரியாக அமைவதில்லை. அதனால் பறக்காது, மழையில் தண்ணீர் வழிந்தோடாமல் தோல்வரை ஊறிவிடும். கூரை ஒழுகாத, தரை ஈரமில்லாத இடம் கட்டாயம். பரண் வேண்டாம், தரையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

படி 1: கரு கூடிய முட்டை

"பாதிக்கு மேல் கூமுட்டையாகப் போகிறது, சேவல் சரியில்லையோ" என்று பலர் கேட்கிறார்கள். சேவலை மாற்றுவதற்கு முன் கத்தரிக்கோலை எடுங்கள். பின்பக்கம் முடி அடர்ந்திருப்பதால் சேவல் மிதித்தாலும் விந்து சேராமல் போகும். சேவலுக்கும் பெட்டைக்கும் ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியை ஒட்ட நறுக்கிவிடுங்கள். அப்படியே கண்ணை மறைக்கும் தலைமுடியையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். கண் தெரியாத சேவல் பெட்டையைத் தேடிப் போகாது. ஒரு சேவலுக்கு ஐந்தாறு பெட்டை போதும்.

படி 2: முட்டை சேர்ப்பது

கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். கழுவாதீர்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ஐந்து நாளுக்கு மேல் சேர்ப்பதை நான் விட்டுவிட்டேன். ஒரு தட்டில் மணலைக் கொட்டி நனைத்து, அதன்மேல் மண்பானையை வைத்து, பானைக்குள் முட்டையை வைத்தால் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். பார்சலில் வந்த முட்டையாக இருந்தால் ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகே அடைக்கு வையுங்கள்.

படி 3: கோழியா, பெட்டியா?

என்னைக் கேட்டால் கோழிதான். ஆண்டுக்குச் சுமார் 100 முட்டைதான் இடும், ஏனென்றால் எப்போது பார்த்தாலும் அடைக்கு உட்கார்ந்துவிடும். வாத்து முட்டையை வைத்தாலும் பொரித்துக் கொடுக்கும். எங்கள் அப்பாயி கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்ற நம்பிக்கையில் ஓரத்தில் ஓர் அடுப்புக்கரியும் இரும்புத்துண்டும் மிளகாய் வற்றலும் வைப்பார். நான் இன்றும் வைக்கிறேன். சில்கிக்கு ஏழெட்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள், ஓரத்து முட்டைகள் குளிர்ந்துவிடும். தினம் ஒரு முறை கோழியைத் தூக்கி வெளியே விட்டு, தீனியும் தண்ணீரும் எடுக்கிறதா என்று பாருங்கள். சில்கி எழுந்திருக்காமலே மெலிந்துபோகும்.

அடைக்கோழி கிடைக்காத நேரத்துக்குத்தான் இன்குபேட்டர். விசிறி உள்ளதையே வாங்குங்கள், அல்லது தெர்மாகோல் பெட்டியில் விசிறி வைத்துச் செய்துகொள்ளுங்கள். விசிறி இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. புதியவர்கள் அதோடு போராட வேண்டாம். வெப்பம் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ். பெட்டியோடு வரும் டிஸ்பிளே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டை உயரத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இந்த வேலைக்கு அதைவிட மலிவான, சரியான கருவி எனக்குத் தெரியாது.

படி 4: ஈரப்பதம் (நான் விழுந்த இடம்)

பெட்டியோடு வந்த தாளில் "முதல் நாளே தண்ணீர்த் தட்டை நிரப்பவும்" என்று இருந்தது. நிரப்பினேன். ஈரப்பத மீட்டர் 50 சதவீதம் காட்டியது, 45 முதல் 55 என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் நிம்மதியாக இருந்தேன்.

நான் இருப்பது நாகப்பட்டினம். ஐப்பசி அடைமழை. வெளிக்காற்று 28 டிகிரியில் 85 சதவீத ஈரத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றைப் பெட்டிக்குள் 37.7-க்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே ஈரப்பதம் ஏறக்குறைய 49 சதவீதம் வரும். அதன்மேல் நான் தட்டு நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். மீட்டர் குறைத்துக் காட்டியிருக்கிறது.

முட்டை 18 நாளில் தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகும். குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன் முதல் மூச்சை அந்த அறையில்தான் இழுக்கிறது. நீர் போகாவிட்டால் அறை சிறியதாகவே இருக்கும், குஞ்சு உள்ளே திரும்புவதற்கும் இடமிருக்காது. என் ஒன்பது குஞ்சுகளுக்கும் நடந்தது இதுதான்.

முதலில் மீட்டரைச் சோதியுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறுபோல் இருக்கும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் 8 மணி நேரம் மூடி வையுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். என் மீட்டர் 61 காட்டியது. 14 குறைவு!

அடுத்தது தராசு. 0.1 கிராம்வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எண்ணையும் தொடக்க எடையையும் எழுதுங்கள் (பேனா வேண்டாம்). அப்புறம் 6, 12, 18-ஆம் நாள்களில் எடை போடுங்கள். கணக்கு எளிது: 6 நாளைக்கு 4 சதவீதம் குறைய வேண்டும். என் முட்டை ஒன்று 38 கிராம். 6-ஆம் நாள் 36.5, 12-ஆம் நாள் 35, 18-ஆம் நாள் 33.4-க்குப் பக்கத்தில் இருந்தால் சரி.

எடை குறையவில்லையா? தண்ணீரை எடுத்துவிட்டுக் காற்றுத் துளையைத் திறங்கள். வேகமாகக் குறைகிறதா? தண்ணீர் வையுங்கள், ஆழமான கிண்ணத்தில் இல்லாமல் அகலமான தட்டில். ஈரத்தைக் கூட்டுவது நீர்ப்பரப்பின் அகலம், தண்ணீரின் ஆழம் இல்லை. மார்கழியில் நான் முதல் 18 நாளும் தண்ணீரே வைக்கவில்லை.

படி 5: திருப்புவது, டார்ச் பார்ப்பது

ஒரு நாளைக்கு ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் இரவு நேரம் முழுக்க ஒரே பக்கம் தினமும் அமையாது. 7-ஆம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்தால் சிலந்திக் கால்போல ரத்தநாளங்கள் தெரியும். சில்கி முட்டை வெளிர் நிறம் என்பதால் எளிதில் தெரியும். ஒன்றும் தெரியாததை எடுத்துவிடுங்கள்.

படி 6: கடைசி மூன்று நாள்

18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்துங்கள். இப்போதுதான் தண்ணீர் வேண்டும்: 65 முதல் 70 சதவீதம். நனைத்த ஸ்பாஞ்ச் வைத்தால் சீக்கிரம் ஏறும். பிறகு மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். முதல் கீறல் விழுந்த பிறகு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். கை துறுதுறுக்கும், உரித்துவிடாதீர்கள், உள்ளே ரத்தநாளம் இன்னும் உயிரோடு இருக்கும். முதலில் பிறந்தது பசியில் கத்துகிறதே என்றும் பதற வேண்டாம். உள்ளிழுத்த மஞ்சள் கரு ஒன்றிரண்டு நாளுக்குத் தாங்கும். முடி காய்ந்து பஞ்சுபோல் ஆன பின் எடுங்கள்.

படி 7: குஞ்சு

முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். பல்பின் கீழ் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம். தரையில் செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் அகன்றுவிடும். பழைய சாக்குத்துணி நல்லது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள்.

சில்கியின் மண்டை ஓடு உச்சியில் பெரும்பாலும் முழுதாக மூடியிருக்காது. மற்ற இனக் குஞ்சு அங்கே ஒரு கொத்து கொத்தினாலே மூளையில் அடிபட்டுக் கழுத்து திருகிக்கொள்ளும். தனியாக வளருங்கள்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு 7-ஆம் நாள் லசோட்டா என்ற தடுப்பு சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். சின்ன வெங்காயமும் மஞ்சளும் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன், ஆனால் அவை தடுப்பூசிக்கு ஈடாகாது. 100 டோஸ் குப்பியைத் திறந்தால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எங்கள் தெருவில் நான்கு வீட்டுக் குஞ்சுகளுக்கும் ஒரே மாலையில் போட்டுவிடுகிறோம். அடுத்தடுத்த ஊசிகளுக்குக் கால்நடை மருத்துவரிடம் அட்டவணை வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்த்தது 1: கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் பங்குனியில் நான் சொன்னபடி தண்ணீரே வைக்காமல் ஓட்டியிருக்கிறார். 6-ஆம் நாளே 7 சதவீதம் குறைந்துவிட்டது. தவறு என் எழுத்தில்தான். தண்ணீர் வைக்காதது கடற்கரை மழைக்காலத்துக்கு மட்டும். வெளிக்காற்று 30 டிகிரி, 40 சதவீதம் என்றால் பெட்டிக்குள் 26 சதவீதம்தான் மிஞ்சும், முதல் நாளே தண்ணீர் வேண்டும். அவர் அகலமான தட்டு வைத்து, 18-ஆம் நாள் 13 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தி, 8-இல் 6 எடுத்துவிட்டார்.

சேர்த்தது 2: மொத்தத் தட்டையும் சேர்த்து எடை போடுபவர்கள் கவனிக்கவும். 7-ஆம் நாள் கூமுட்டையை எடுத்தால், அதன் தொடக்க எடையை மொத்தத் தொடக்க எடையிலிருந்து கழியுங்கள். கழிக்காமல், எடை தாறுமாறாகக் குறைந்துவிட்டதாக நினைத்து ஒருவர் தண்ணீரை ஊற்றிவிட்டார். முட்டையிலேயே எடையை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

சேர்த்தது 3: கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காமல் போர்வையால் மூடுங்கள், காற்றுத் துளையை மட்டும் அடைக்க வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரக் குளிர்ச்சியை முட்டை பெரும்பாலும் தாங்கும். 40 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால்தான் தாங்காது. அதனால் கரண்ட் திரும்பி வந்ததும் தெர்மோஸ்டாட் சரியான அளவில் நிற்கிறதா என்று அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.