வாரம் ஒரு ஜென் அமர்வு: ஊரில் குழு நடத்துவோருக்கு

கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜென்டோ என்னும் ஜென் தியான மையத்துக்குப் போய் வந்தவர்கள் பலரும் ஒரே குறையைச் சொல்வார்கள். அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்த கால், வீட்டில் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. கால் அதே கால்தான். அங்கே மணியடிக்க ஓர் ஆள் இருந்தார், பக்கத்தில் இன்னொருவர் அசையாமல் இருந்தார், எப்போது எழுவது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. ஜப்பானின் காமகுராவில் ஜென் ஆசிரியர் யமடா கோவுனிடம் பயின்ற இயேசு சபைத் துறவி அமா சாமி 1996இல் நிறுவிய அந்த மையத்தின் ஒழுங்கில் ஒரு சிறு பங்கை ஊரிலேயே அமைத்துக்கொள்ள நான்கு பேரும் ஓர் அறையும் போதும்.

முதலில் நாளும் நேரமும். ஞாயிறு காலை 6:30 முதல் 8 மணி வரை என்று வைத்தால், தீபாவளி வந்தாலும் மழை வந்தாலும் அதுதான். இந்த வாரம் யார் யார் வருகிறீர்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கிய குழு நீடிக்காது; பாதிப் பேர் வரவில்லை என்றதும் மீதிப் பேரும் வரமாட்டார்கள். கதவு திறந்திருக்கும், வந்தவர் உட்காரலாம் என்றிருக்க வேண்டும். ஒரே ஒருவர் வந்தாலும் மணி அடித்து உட்கார வேண்டும்.

அறை

ஓர் ஆளுக்குச் சுவரோரம் மூன்றடி அகலம் வேண்டும். 12க்கு 15 அடி அறையில் எட்டுப் பேர் சுவரைச் சுற்றி உட்காரலாம், நடுவில் நடக்கவும் இடம் இருக்கும். அதைவிடச் சிறிய அறை என்றால் நடையை மொட்டைமாடிக்கோ தாழ்வாரத்துக்கோ மாற்றுங்கள். ஜென்னின் இரு பெரும் கிளைகளில், சோத்தோ மரபில் சுவரைப் பார்த்தும், ரின்சாய் மரபில் அறையின் நடுவைப் பார்த்தும் உட்காருவார்கள். புதியவர்கள் அதிகமுள்ள குழுவுக்குச் சுவர் நல்லது; எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால் எட்டுப் பேருக்கும் தொற்றாது.

டியூப் லைட்டை அணைத்துவிட்டு மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றை வையுங்கள். முழு இருட்டு வேண்டாம், தூக்கம் வரும். கொசுவர்த்தியை அரை மணி நேரம் முன்பே ஏற்றி, ஆட்கள் வருவதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். ஊதுவத்தி ஒன்றே போதும், மணம் குறைந்ததாக. நம் கடைகளில் கிடைக்கும் காரமான பத்தி மூடிய அறையில் இருமலைத்தான் கிளப்பும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி காதைத் துளைக்கும். அதற்காக ஜன்னலை அடைத்துப் புழுங்க வேண்டியதில்லை. சத்தம் கேட்கட்டும், அதன் பின்னால் போகாமல் இருந்தால் போதும்.

திண்டு

எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். வெறும் பாயில் சம்மணமிட்டால் இடுப்பு பின்னால் சாய்ந்து, முதுகு வளைந்து, முழங்கால்கள் இடுப்பைவிட மேலே தூக்கி நிற்கும். பதினைந்து நிமிடத்தில் கீழ்முதுகு வலிக்கத் தொடங்க இதுவே காரணம். பிட்டம் நாலைந்து அங்குலம் உயர்ந்து, இரண்டு முழங்கால்களும் தரையைத் தொட்டால் முதுகு தானாக நிமிரும். பிட்டமும் இரு முழங்கால்களும் சேர்ந்த இந்த முக்கோணம்தான் அடித்தளம்.

ஜப்பானியர் ஸஃபு என்று சொல்லும் வட்டத் திண்டை எந்த மெத்தைக் கடையிலும் தைத்து வாங்கலாம். 13 அங்குல விட்டம், 7 முதல் 8 அங்குல உயரம். உள்ளே இலவம் பஞ்சு. போடிப் பக்கத்து இலவம் கிடைத்தால் நல்லது. ஒரு கிலோவுக்கு மேல் பிடிக்கும். மடக்கிய கையால் அழுத்தினால் சற்றே அமுங்கி நிற்கும் அளவுக்குத் திணிக்கச் சொல்லுங்கள். மெத்தைக்காரர் தலையணை பதத்தில் விட்டுவிடப் பார்ப்பார், விடாதீர்கள். பருத்திப் பஞ்சு கட்டி கட்டியாக இறுகிவிடும். ஸ்பாஞ்சு துள்ளும், உடம்பு நிலைக்காது. இலவமும் நாளடைவில் படியும் என்பதால், ஒரு பக்கம் ஜிப் வைத்துத் தைத்தால் அவ்வப்போது ஒரு கைப்பிடி சேர்க்கலாம். அடியில் இரண்டரை அடிச் சதுர மெத்தை, இரண்டு அங்குலத் தடிமன். அது இல்லையென்றால் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள். கணுக்கால் எலும்பு தரையில் அழுந்தாமல் காப்பது இதுதான்.

திண்டின் நடுவில் உட்காரக் கூடாது. முன்பக்க மூன்றில் ஒரு பங்கில் உட்கார்ந்தால்தான் இடுப்பு முன்னால் சரியும். முழுக்க ஏறி உட்கார்ந்தால் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தி, கால் மரத்துப்போகும்.

கால், கை, கண்

பத்மாசனம் போட்டே தீர வேண்டும் என்ற ஆசையை வாசலிலேயே விடச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு வெளிப்பக்கம் திரும்பாதவர் காலை மேலே இழுத்துப் போட்டால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும்; சவ்வு கிழிவது அப்படித்தான். பெரும்பாலோருக்கு ஏற்றது பர்மிய முறை: இரண்டு கால்களையும் மடித்து ஒன்றன்முன் ஒன்றாகத் தரையிலேயே வைப்பது. ஒரு முழங்கால் அந்தரத்தில் நின்றால் அதன் கீழே மடித்த துண்டு ஒன்றைச் செருகுங்கள். அந்தரத்தில் விட்டால் தொடைத் தசை அதைத் தாங்கித் தாங்கியே களைத்துவிடும். நாற்காலியில் உட்காருவதில் எந்தக் குறைவும் இல்லை. சாயாமல் முன்பகுதியில் உட்கார்ந்து, பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். எட்டாதவருக்கு ஒரு பலகை.

வலியை இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். முதுகிலும் இடுப்பிலும் வரும் மந்தமான வலி, அரிப்பு, காலில் எறும்பு ஊறுவது ஆகியவற்றைச் சற்றுப் பொறுக்கலாம். முழங்காலுக்குள் ஊசி குத்துவதுபோல் வருவதைப் பொறுக்கவே கூடாது. உடனே கும்பிட்டுவிட்டுக் காலை மாற்ற வேண்டும். அதை வீரமாக எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டு போனவர்கள் எல்லா மையங்களிலும் உண்டு. மரத்த காலோடு சட்டென்று எழுந்தாலும் கணுக்கால் பிரண்டு விழ நேரும். கால் விரல்களை அசைத்து, உணர்வு திரும்பிய பின்தான் எழ வேண்டும். வரிசை காத்திருக்கட்டும்.

உட்கார்ந்ததும் இடமும் வலமுமாக ஆடி, ஆட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நடுவில் நில்லுங்கள். வலக்கை மேல் இடக்கை, இரண்டும் உள்ளங்கை மேல்நோக்கி, அடிவயிற்றோடு ஒட்டி. கட்டைவிரல் நுனிகள் பட்டும் படாமலும். கட்டைவிரல்கள் சரிந்தால் தூக்கம் வருகிறது என்று அர்த்தம், மேடுபோல் முட்டி நின்றால் உடம்பு இறுகியிருக்கிறது. வாயை மூடி, எச்சிலை விழுங்கி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்தால் அடிக்கடி எச்சில் ஊறாது. கண்களைப் பாதி திறந்து, மூன்றடி முன்னால் தரையில் பார்வையை விட வேண்டும். நம்மவர்களுக்கு இதுதான் கடினம், தியானம் என்றாலே கண்ணை மூடிப் பழகியவர்கள். ஆனால் கண் திறந்தே இருக்க வேண்டும் என்று சோத்தோ மரபை ஜப்பானில் நிறுவிய தோகென் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். மூடிய கண்ணுக்குள் முதலில் படம் ஓடும், அப்புறம் தூக்கம்.

தொடக்கத்தில் மூச்செண்ணுவது போதும். வெளிமூச்சுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்து வரை. பிறகு மறுபடி ஒன்று. நடுவில் தொலைந்தால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டிருந்தால் வாய்தான் எண்ணுகிறது, ஆள் அங்கே இல்லை. மூச்சை ஆழமாக்குவதும் அடக்குவதும் பிராணாயாமம் பழகியவர்கள் தம்மையறியாமல் செய்வது. தலை கிறுகிறுத்தால் அதுதான் காரணம்.

மணியடிப்பவர்

குழுவில் முதலில் பழக்க வேண்டியது இவரை. பூசை மணியின் கிணுகிணுப்பு இதற்கு உதவாது. ஒரு தட்டு தட்டினால் நீண்டு ஒலிக்கும் வெண்கலக் கிண்ணமும், துணி சுற்றிய கட்டையும் வேண்டும். மூன்று முறை அடித்தால் அமர்வு தொடக்கம், இரண்டு முறை நடை, ஒரு முறை முடிவு. ஒரு நாதம் அடங்கிய பிறகே அடுத்த தட்டு. வேறு குழுக்களில் எண்ணிக்கை மாறலாம், உங்கள் குழுவில் மாறக் கூடாது.

நேரம் பார்க்க போன் வைத்தால் ஏரோபிளேன் மோடில், மடித்த துணிமேல். தரையில் வைத்த போன் அதிர்ந்தால் அறையே அதிரும். அமர்வு 25 நிமிடம், நடை 7 நிமிடம், மறுபடி 25. எல்லோரும் நன்றாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று இரண்டு நிமிடம் நீட்டுவது மணியடிப்பவர்களுக்கு வரும் முதல் சபலம். ஒருமுறை நீட்டினால் அடுத்த வாரம் 23ஆம் நிமிடத்திலிருந்து எல்லோரும் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். பொறுப்பை மாதம் ஒருவராக மாற்றுங்கள். மணியடிப்பவரே கணக்கு, சாவி, பேச்சு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் அது அவருடைய குழுவாகிவிடும்.

கின்ஹின் என்னும் நடையில் இடது கையை மடக்கி, அதை வலது கையால் மூடி, நெஞ்சோடு வைத்து, வலஞ்சுழியாக வரிசையில் நடக்க வேண்டும். முன்னால் போகிறவரின் வேகமே எல்லோருக்கும் வேகம். கழிப்பறை போவதென்றால் இந்த நேரத்தில்தான்.

தேநீரும் ஆட்களும்

இரண்டாவது அமர்வு முடிந்ததும் இதய சூத்திரம் என்னும் சிறிய பௌத்த நூலை ஒருமுறை ஓதும் குழுக்கள் உண்டு, ஓதாதவையும் உண்டு. எப்படியானாலும் யாரையும் எந்த மதத்துக்கும் அழைக்கவில்லை என்பது முதல் நாளே தெளிவாக வேண்டும்.

பிறகு தேநீர். ஒருவர் போட்டு எடுத்துவர, கடைசி ஆளுக்குக் கோப்பை போய்ச் சேரும்வரை யாரும் குடிப்பதில்லை, பேசுவதுமில்லை. அதன்பின் இருபது நிமிடம் பேசலாம். ஜென்னின் முதல் ஆசானாகச் சொல்லப்படும் போதிதர்மர் காஞ்சிபுரத்தவர்தானா என்ற கேள்வி கட்டாயம் வரும், அந்த இருபது நிமிடத்தையும் விழுங்கும். வாரம் தவறாமல் அதே பேச்சென்றால் ஒருவர் மெல்ல வேறு பக்கம் திருப்ப வேண்டும். இன்னும் கவனிக்க வேண்டியது, ஒளி பார்த்தேன், உடம்பு மிதந்தது என்ற பேச்சு. ஜென்னில் இவற்றை மக்யோ, அதாவது மாயத் தோற்றம், என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் தங்களுக்கு ஏன் வரவில்லை என்று தேடத் தொடங்குவார்கள், அடுத்த வாரம் யாரும் மூச்செண்ண மாட்டார்கள்.

புதிதாக வருபவரை நேரே அமர்வில் உட்காரவைக்காதீர்கள். இருபது நிமிடம் முன்பே வரச் சொல்லி, திண்டு, கால், மணி, நடை ஆகியவற்றைச் செய்துகாட்டி, கதவோரம் இடம் கொடுங்கள். தாமதமாக வருபவர் நடை வரும்வரை வெளியே காத்திருக்கட்டும்.

அமர்வில் ஒருவருக்குப் படபடப்போ அழுகையோ தன்னை மறந்த நிலையோ வந்தால், அதைத் தாண்டி உட்காருங்கள் என்று ஊக்கப்படுத்துவது ஆபத்து. மெதுவாக வெளியே அழைத்துப்போய், நடக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, சாதாரண விஷயம் பேசுங்கள். மனநல மருந்து எடுப்பவர் நீண்ட அமர்வுக்கு முன் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். கோஆன் என்னும் புதிர்க் கேள்வியைக் கொடுப்பதும், தொக்குசான் என்னும் தனிச் சந்திப்பு நடத்துவதும் உரிமை பெற்ற ஆசிரியரின் வேலை. பத்து ஆண்டு உட்கார்ந்த மூத்தவர் என்றாலும் குழுவில் ஒருவர் அந்த இடத்தில் ஏறக் கூடாது.

பணத்துக்குக் கதவருகே ஓர் உண்டியல். இருவர் சேர்ந்து எண்ணி, மாதக் கணக்கைச் சுவரில் ஒட்டிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அரை நாள் அமர்வு

குழு ஓராண்டு தாக்குப்பிடித்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் வையுங்கள். காலை 6 மணிக்கு மூன்று அமர்வுகள், 8 மணிக்குக் கஞ்சியோ இட்லியோ பேசாமல் சாப்பிடுவது, பிறகு முக்கால் மணி நேரம் சமு, மறுபடி மூன்று அமர்வுகள். சமு என்பது வேலை நேரம்: பெருக்குதல், பாத்திரம் கழுவுதல், காய் நறுக்குதல், திண்டுகளை வெயிலில் போட்டுத் தட்டுதல். வேலையை ஒருவரே பிரித்துக் கொடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்க விடக் கூடாது. மணி அடித்ததும் பாதி பெருக்கிய அறையானாலும் துடைப்பத்தை வைத்துவிட வேண்டும். இதையும் முடித்துவிட்டு வருகிறேன் என்று நிற்பவர்கள் நன்றாக வேலை செய்பவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கே இந்த விதி அதிகம் தேவை.

இப்படி இரண்டு மூன்று அரை நாள் உட்கார்ந்தவர், செஷின் என்னும் பல நாள் அமர்வுக்குப் பெயர் கொடுக்கலாம். பதிவு செய்யும்போதே பழைய முழங்கால் காயம், எடுக்கும் மருந்து, நாற்காலி தேவையா என்பதைச் சொல்லிவிட வேண்டும். மலைக்குப் போவதென்றால் விடியற்காலைக் குளிருக்கு ஒரு கம்பளியும் காலுறையும்.